பெயின்ட் அடித்த பிறகு நெட் இல்லை: பெட்டியே போய்விட்டதா?

ஏரிக்கரை மீனா (அல்சூர்)

வணக்கம். வீட்டு நெட் விஷயமாக ஒரு சந்தேகம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில், அல்சூர் பஜார் தெருவை ஒட்டிய சந்தில், இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். ஆவணியில் கொழுந்தனாருக்குக் கல்யாணம். அதற்காக வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். ஹாலில் டிவிக்கு மேலே ஒரு பலகையில் இரண்டு பெட்டி இருக்கும். ஒன்று நெட் கம்பெனிக்காரர்கள் மாட்டிவிட்டுப் போன வெள்ளைப் பெட்டி; ஃபைபர் ஒயர் அதில்தான் வந்து சேர்கிறது. இன்னொன்று நாங்களே வாங்கிய கறுப்பு ரௌட்டர், வைஃபை அதிலிருந்து. இரண்டுக்கும் நடுவில் ஒரு மஞ்சள் ஒயர். பெயின்டர்கள் பலகையோடு எல்லாவற்றையும் இறக்கிப் பழைய புடவையில் சுற்றி வைத்தார்கள். வேலை முடிந்ததும் அவர்களே பொறுப்பாக எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலத்திலிருந்து நெட் இல்லை.

போனில் வைஃபை பெயர் வருகிறது, கோடுகள் முழுசாக இருக்கின்றன, ஆனால் 'இன்டர்நெட் இல்லை' என்கிறது. வெள்ளைப் பெட்டியில் பவர் லைட் பச்சையாக வரும். எல்லா லைட்டும் சேர்ந்து ஒரு தரம் மின்னும். எல்.ஓ.எஸ். என்று எழுதிய இடத்தில் சிவப்பு வரும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அணைந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். நாள் முழுக்க இதே கூத்துதான்.

கஸ்டமர் கேரில் 'சிவப்பு வந்தால் லைன் கட்' என்று சொல்லிப் புகார் எண் கொடுத்தார்கள். லைன் பார்க்கிற பையனைக் கூப்பிட்டால் 'நாளெ பர்த்தீனி மேடம்' என்கிறான். அந்த நாளை இன்னும் விடியவில்லை. நேற்று ஆளே வராமல், போனிலேயே 'பாக்ஸ் ஹோகிதெ, புதுசுக்கு 2,500 ரூபாய் ஆகும்' என்று தீர்ப்பும் சொல்லிவிட்டான். என் வீட்டுக்காரரோ பழசாகிப்போனது கறுப்பு ரௌட்டர்தான், அதை மாற்றிவிடலாம் என்கிறார். நாத்தனார், பின்னால் இருக்கிற ரீசெட் ஓட்டையில் குண்டூசி விட்டு அழுத்தச் சொல்கிறார்.

நான் சாயங்காலம் ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகளில் பாதிப் பேர் தங்கவயலில் இருக்கிறார்கள். இப்போதைக்குப் போன் ஹாட்ஸ்பாட்டில், என் முகத்தை அணைத்துவிட்டு, குரலும் பலகையுமாக ஓட்டுகிறேன். கல்யாணச் செலவு நேரத்தில் 2,500 ரூபாய் சும்மா இல்லை. பெட்டி உண்மையிலேயே போய்விட்டதா?

மொட்டைமாடி (மாரத்தஹள்ளி)

போயிருக்கும். போன மழையில் எங்கள் அபார்ட்மென்டில் நாலு வீட்டு ரௌட்டர் ஒரே இடியில் போனது. மொட்டை மாடியில் இருக்கிற சுவிட்ச்சிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் செம்பு லேன் ஒயர் இறங்குகிறது. பக்கத்தில் எங்கேயாவது இடி விழுந்தால் அந்த ஒயர் வழியாகவே வந்து ரௌட்டரில் நெட் ஒயர் சொருகுகிற வேன் (WAN) போர்ட்டை அடித்துவிடுகிறது. வைஃபை ஜம்மென்று வரும், நெட் மட்டும் வராது. நீங்கள் சொல்வதும் அதே மாதிரிதான் இருக்கிறது. மாடியிலிருந்து வரும் ஒயரை நேராக லேப்டாப்பில் சொருகிப் பாருங்கள். அந்த போர்ட்டில் லைட் எரிந்தால் லைன் நன்றாக இருக்கிறது, ரௌட்டர்தான் காலி.

பழைய லைன்மேன்

மீனாம்மா, முதலில் அந்தக் குண்டூசியைத் திரும்ப டப்பாவில் போடுங்கள். ரீசெட் என்றால் அணைத்துப் போடுவது இல்லை. உள்ளே கம்பெனிக்காரன் எழுதி வைத்த யூசர் பெயர், பாஸ்வேர்டு, லைனுக்கென்று கொடுத்த வீலேன் (VLAN) எண் எல்லாவற்றையும் அது துடைத்துவிடும். அப்புறம் லைன் சரியானாலும், அவர்கள் திரும்பப் போட்டுக் கொடுக்கிற வரைக்கும் நெட் வராது. கஸ்டமர் கேரில் அதை முதல் மருந்தாகச் சொல்லிக் கொடுப்பது எனக்கு எப்போதும் எரிச்சல்.

நான் பல வருஷம் கிழக்கு பெங்களூரில் ஃபைபர் இழுத்தவன். முழங்கால் ஏணிக்கு ஒத்துக்கொள்ளாததால் இப்போது எஸ்.பி. ரோடு பக்கம் ஒரு கடையில் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது ஒரே ஒரு இடம்: 'எல்லாம் அணைந்து, மறுபடி முதலிலிருந்து'. லைன் கட்டானால் பெட்டி அணையவே அணையாது. பவர் லைட் பச்சையாக நிற்கும், வெளிச்சம் வரவில்லை என்று காட்டுகிற எல்.ஓ.எஸ். சிவப்பு மின்னிக்கொண்டே இருக்கும், கம்பத்தில் ஒயரை ஒட்டுகிற வரை ஒரு வாரமானாலும் அப்படியே இருக்கும். நல்ல பெட்டியிலும், போட்டவுடனே வெளிச்சம் பிடிபடுகிற வரைக்கும் எல்.ஓ.எஸ். கொஞ்சம் சிவப்புக் காட்டலாம். உங்கள் பெட்டி அந்தக் கட்டத்தைத் தாண்டவே முடியாமல் விழுந்து விழுந்து எழுந்திருக்கிறது. சிவப்பைப் பார்த்து லைன் கட் என்றவர், அதற்குப் பின்னால் எல்லாமே அணைகிறதா என்று கேட்டிருக்க வேண்டும். இது மின்சாரக் கோளாறு. பெட்டிக்குள்ளேயும் இருக்கலாம், ஆனால் பத்துக்கு எட்டு இடத்தில் அடாப்டர்தான்.

மொட்டைமாடி சொல்வது அவர் கட்டிடத்துக்குச் சரி. செம்பு ஒயரில் அப்படி நடக்கும். மீனாம்மா வீட்டுக்கு வருவது கண்ணாடி இழை. அதில் மின்சாரம் ஏறி வராது. வைஃபை கோடு முழுசாக இருப்பதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கோடு உங்கள் போனுக்கும் கறுப்புப் பெட்டிக்கும் நடுவில் இருக்கிற உறவைத்தான் காட்டுகிறது. வெள்ளைப் பெட்டி செத்துக் கிடந்தாலும் அது முழுசாகவே நிற்கும். அதனால் கறுப்பு ரௌட்டரை மாற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை.

இப்போது எனக்கு ஒன்று வேண்டும். இரண்டு பெட்டியின் அடியிலும் ஒட்டியிருக்கிற சீட்டையும், இரண்டு அடாப்டரின் வயிற்றில் எழுதியிருப்பதையும் படித்துச் சொல்லுங்கள். அவுட்புட் என்று போட்டு எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். எழுத்து பொடிசாக இருந்தால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பெயின்டர் கை பட்டது என்றீர்களே, எனக்கு அதில்தான் சந்தேகம்.

ஏரிக்கரை மீனா

அண்ணா, படித்துவிட்டேன். வெள்ளைப் பெட்டியின் அடியில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று இருக்கிறது. ஆனால் அதில் சொருகியிருக்கிற அடாப்டரில் 9 வோல்ட், 0.6 ஆம்பியர். கறுப்பு ரௌட்டரின் அடியில் 9 வோல்ட், 0.6 ஆம்பியர்; அதற்குக் கொடுத்திருப்பது 12 வோல்ட். இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே அளவு, சொருகுகிற முனையும் அச்சு அசலாக ஒன்றுதான். அப்படியே மாற்றிப் போட்டுவிடலாமா, இல்லை இதற்குள் ஏதாவது கருகியிருக்குமா? பயமாக இருக்கிறது.

பழைய லைன்மேன்

நினைத்தேன். பெயின்டரைத் திட்ட வேண்டாம். இந்த முனை 5.5 மில்லிமீட்டர் குழாய். ரௌட்டர், செட்-டாப் பாக்ஸ், கேமரா என்று ஊரில் பாதிச் சாமானுக்கு இதையேதான் வைக்கிறார்கள். வோல்ட்டுக்கு ஒரு அளவு முனை என்று வைத்திருந்தால் இந்தக் குழப்பமே வராது.

நடந்தது இதுதான். வெள்ளைப் பெட்டிக்கு 12 வாட் வரைக்கும் தேவைப்படலாம். நீங்கள் கொடுத்துக்கொண்டிருந்தது 5.4 வாட். கண் விழிக்க அது போதும், எழுந்து நடக்கப் போதாது. லைட் போடும், உள்ளே மென்பொருள் ஏறும், ஒவ்வொரு பகுதியாக வேலையைத் தொடங்கும்போது இழுக்கிற கரன்ட் கூடும், அந்த அடாப்டர் படுத்துவிடும், பெட்டி அணையும், பாரம் இறங்கியதும் அடாப்டர் நிமிரும், மறுபடி முதலிலிருந்து. நீங்கள் பார்த்த கூத்து அவ்வளவுதான்.

மாற்றுவதற்கு முன்னால் இரண்டையும் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சும்மா சுவிட்ச் அணைத்தால் போதாதா என்றால் போதும், இருந்தாலும் பிடுங்குங்கள். அடாப்டரிலும் பெட்டியிலும் நடுவில் புள்ளியும் சுற்றிப் பிறையும் போட்ட ஒரு சின்னப் படம் இருக்கும். நடுப்புள்ளி பக்கம் பிளஸ் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். 12 வோல்ட்டை வெள்ளைக்கு, 9 வோல்ட்டைக் கறுப்புக்கு. போட்டுவிட்டு ஐந்து நிமிஷம் தொடாமல் விடுங்கள்.

எதிர்காலத்துக்கும் சேர்த்துச் சொல்கிறேன். வோல்ட் அச்சாகப் பொருந்த வேண்டும். ஆம்பியர் கூட இருக்கலாம், குறையக் கூடாது. 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரை 1 ஆம்பியர் கேட்கிற பெட்டிக்குப் போட்டால் பெட்டி தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும். கடையில் இதைப் போட்டால் எரிந்துவிடும் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஊஞ்சல் (சி.வி. ராமன் நகர்)

இடையில் ஒன்று. எனக்கு அடாப்டர் மாறவில்லை, சரியான 12 வோல்ட்தான், ஆனாலும் இதே மாதிரி விட்டு விட்டு அணைகிறது. மீட்டர் வைத்துப் பார்த்தால் 12.1 காட்டுகிறது. அப்போது அடாப்டர் நல்லதுதானே?

பழைய லைன்மேன்

இல்லை தம்பி. சும்மா இருக்கும்போது 12 காட்டும். பாரம் ஏற்றினால் 8-க்கோ 9-க்கோ இறங்கிவிடும். உள்ளே இருக்கிற எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் சூட்டில் காய்ந்து போயிருக்கும். பிரித்தால் தலை உப்பியிருப்பது தெரியும். வருஷக் கணக்காக டிவிக்குப் பின்னால், காற்றில்லாத இடத்தில், இரவும் பகலும் ஓடினால் அப்படித்தான் ஆகும். நீங்கள் பிரிக்க வேண்டாம், உள்ளே 230 வோல்ட் வருகிறது. செட்-டாப் பாக்ஸ் அடாப்டரும் 12 வோல்ட்தான் என்றால், ஆம்பியரும் முனையின் பிளஸ் மைனஸும் ஒத்துப்போகிறதா பார்த்து, அதை ஒரு மணி நேரம் இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். அணையாமல் ஓடினால் விடை கிடைத்துவிட்டது.

ஏரிக்கரை மீனா

அண்ணா, மாற்றிவிட்டேன். வெள்ளைப் பெட்டி இப்போது அணையவே இல்லை. ஆனால் நெட்டும் வரவில்லை. பவர் பச்சை, பி.ஓ.என். என்கிற இடம் இருட்டு, எல்.ஓ.எஸ். சிவப்பு மின்னிக்கொண்டே இருக்கிறது. கஸ்டமர் கேர் சொன்னது கடைசியில் சரியாகிவிடும் போல இருக்கிறதே. மாமியார் வேறு சீரியல் போச்சு என்று உட்கார்ந்திருக்கிறார்.

பழைய லைன்மேன்

இப்போதுதான் அந்தச் சிவப்புக்கு அர்த்தம் வந்திருக்கிறது. வெளிச்சம் வரவில்லை; கம்பெனியோடு இணைப்புச் சேர்ந்தால் எரிகிற லைட்தான் பி.ஓ.என். ஆனால் இந்தக் கோளாறும் வீட்டுக்குள்தான் இருக்கும் என்பேன். பெயின்ட் அடித்த அன்றே தெருவிலும் ஒயர் அறுந்தது என்றால் அது பெரிய தற்செயல். கீழ் வீட்டுக்காரருக்கும் இதே கம்பெனி என்றால் அவருக்கு வருகிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வந்தால் தெருவும் கம்பமும் நன்றாக இருக்கின்றன.

பிறகு ஒயர் வீட்டுக்குள் நுழைகிற இடத்திலிருந்து பெட்டி வரைக்கும் விரலாலேயே தடவிக்கொண்டு வாருங்கள். ஜன்னல் சந்து, கதவு நிலை, ஆணி, பலகைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு. செம்பு ஒயரை எப்படி மடித்தாலும் கரன்ட் போகும். ஃபைபர் அப்படி இல்லை. உள்ளே ஓடுவது வெளிச்சம். கூர்மையாக மடிந்தால் அந்த வளைவிலேயே கண்ணாடியை விட்டு வெளியே ஓடிவிடும். பழைய ரக ஃபைபருக்கு 30 மில்லிமீட்டர் ஆரமாவது வேண்டும். இப்போது வீட்டுக்குள் போடுகிற ஜி.657 ரகம் 10 மில்லிமீட்டர் வரைக்கும் தாங்கும், அதிலேயே இன்னொரு வகை 7.5 வரைக்கும். முழங்கை மாதிரி மடக்கிப் பலகையை வைத்து அழுத்தினால் எந்த ரகமும் தாங்காது. மடிப்பு இருந்தால் மெதுவாக விடுவித்து, ஒரு காபி டம்ளர் சுற்றளவுக்குத் தளர்வாகச் சுருட்டி வையுங்கள்.

முனையைப் பிடுங்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்காதீர்கள். வெளிச்சம் வருகிறதா என்று அப்படித் தெரியாது. வருவது 1490 நானோமீட்டர், கண்ணுக்குப் புலப்படாத ஒளி. பையன்கள் பேனா மாதிரி வைத்து அடிக்கிற சிவப்பு லேசர் வேறு. அது ஒடிந்த இடத்தைக் கண்டுபிடிக்கிற கருவி. பிள்ளைகளையும் பக்கத்தில் விடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை (சிவாஜிநகர்)

புகார் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். 2012-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த புகார் தீர்வு விதிகளின்படி, கஸ்டமர் கேரில் தீராவிட்டால் அதே கம்பெனியின் அப்பீல் அதிகாரிக்குப் போகலாம். அதற்கு அந்த எண் வேண்டும். பையனிடம் போனில் பேசியது எதற்கும் கணக்காகாது. இன்னொன்று, அந்த வெள்ளைப் பெட்டி கம்பெனி கொடுத்தது என்றால், நீங்கள் ஏன் 2,500 ரூபாய் தர வேண்டும்? இணைப்பு வாங்கியபோது கொடுத்த ரசீதை எடுத்துப் பாருங்கள். டெபாசிட் என்று வாங்கியிருந்தால் பெட்டி அவர்களுடையது, பழுதானால் மாற்றிக் கொடுப்பதும் அவர்கள் பாடுதான் என்று அடித்துக் கேளுங்கள்.

ஏரிக்கரை மீனா

ரசீது கிடைத்தது. 1,500 ரூபாய், திரும்பத் தரக்கூடிய டெபாசிட் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. பையனுக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினேன். அதிலிருந்து 2,500 பேச்சே இல்லை.

அண்ணா, கீழ் வீட்டில் நெட் வருகிறது. ஒயர் பலகைக்குப் பின்னால்தான் மாட்டியிருந்தது. பலகையைத் தாங்குகிற இரும்புக்கும் சுவருக்கும் நடுவில், 'ட' எழுத்து மாதிரி மடிந்து, அதன் மேல் பெயின்ட் வேறு காய்ந்திருந்தது. வீட்டுக்காரர் பலகையை முன்னால் இழுத்துப் பிடித்தார், நான் ஒயரை எடுத்தேன். உடனே சிவப்பு அணைந்து பி.ஓ.என். பச்சையாக மின்ன ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் நிலையாக நின்றுவிட்டது. நெட் வந்துவிட்டது! மாமியார் முதல் ஆளாக டிவி முன்னால்.

ஆனால் ஒன்று. டியூஷன் நடுவில் திடீரென்று நெட் போகிறது, பச்சை மறுபடி மின்னுகிறது, தானாகவே வருகிறது. பெட்டி அணையவில்லை, அதைக் கவனித்தேன்.

பழைய லைன்மேன்

பெட்டி அணையவில்லை என்று பார்த்தீர்களே, அது போதும். மின்சாரம் கழிந்தது. வெளிச்சம் வருகிறது, ஆனால் எல்லையில் நிற்கிறது. மடிந்த இடத்தில் கண்ணாடி கீறியிருக்கலாம். இல்லாவிட்டால் முனையில் பட்டி தேய்த்த தூள் போயிருக்கும். வெளிச்சம் ஓடுகிற நடுத்துளை 9 மைக்ரான்தான். ஒரு பொடித் தூசி அதை மறைக்கப் போதும். சட்டைத் துணியால் துடைக்கிறேன் என்று இறங்காதீர்கள். அதற்கென்று சுத்தமான ஆல்கஹாலும் நூல் உதிராத துணியும் வைத்திருப்பார்கள்.

இனி பையன் வந்தே ஆக வேண்டும். வந்தால் 'மீட்டர் வைத்துப் பவர் எவ்வளவு என்று சொல்லு' என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே ஒழுங்காக வேலை செய்வான். டி.பி.எம். (dBm) என்கிற வெளிச்ச அளவில், மைனஸில் ஒரு எண் சொல்வான். இந்தப் பெட்டிகள் பொதுவாக மைனஸ் 8-லிருந்து மைனஸ் 27 வரைக்கும் பிடிக்கும். நீங்கள் கணக்கு டீச்சர், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இது மடக்கைக் கணக்கு: மூன்று இறங்கினால் வெளிச்சம் பாதி. மைனஸ் 20 என்றால் 10 மைக்ரோவாட், மைனஸ் 27 என்றால் 2 மைக்ரோவாட். கம்பத்துப் பெட்டியில் ஒரு இழையைப் பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுப்பதால் அங்கேயே நிறையக் கரைந்துவிடும். 32 வீட்டுக்குப் பிரித்தால் 15-க்கு மேல் போய்விடும். மிச்சத்தை வீட்டுக்குள் நாம் கரைக்கக் கூடாது.

மைனஸ் 25-க்குக் கீழே சொன்னால் விடாதீர்கள். மடிந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் புது முனை போடச் சொல்லுங்கள். முனை பச்சை நிறமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பச்சை 8 டிகிரி சாய்வாகத் தீட்டியது, நீலம் அப்படி இல்லை. பெட்டியில் பச்சைத் துளை இருந்து, கையில் இருக்கிறது என்று நீலத்தைப் போட்டுவிட்டுப் போனால் மறுபடி இதே கதை.

ஏரிக்கரை மீனா

பையன் வந்தான். மீட்டர் என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, வண்டியிலிருந்து போய் எடுத்து வந்தான். மைனஸ் 27.4. மடிந்த இடத்தை வெட்டி, பச்சை முனை புதுசாகப் போட்டு மறுபடி பார்த்தால் மைனஸ் 20.8. 300 ரூபாய் கேட்டான், கொடுத்தேன். அதற்குப் பிறகு டியூஷனில் ஒரு தரம்கூடப் போகவில்லை. ரொம்ப நன்றி அண்ணா, கணக்குப்பிள்ளை சாருக்கும்.

கடைசியாக ஒன்று. கறுப்பு ரௌட்டர் இத்தனை நாளும் 12 வோல்ட்டில் ஓடியிருக்கிறதே, அதற்கு ஏதாவது ஆகியிருக்குமா? இப்போது நன்றாகத்தான் ஓடுகிறது.

பழைய லைன்மேன்

உள்ளே வோல்ட்டை இறக்குகிற சிப் பெரும்பாலும் 9-க்கு மேலேயும் தாங்கும். தாங்கியதால்தான் ஓடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சகஜம். கை வைக்க முடியாத சூடோ கருகல் வாசனையோ வந்தால் மட்டும் மாற்றுங்கள். 300 ரூபாய் முனைக்கும் கூலிக்கும் நியாயம்தான், ஆனால் ரசீது கேட்டிருக்கலாம்.